புதுப்பிப்பு: துபாய் அல் மம்சார் கடற்கரைக்கு என்ன கொண்டுபோனேன்

பிலிப்பைன்ஸ் நாட்டு சக ஊழியர்கள் கடற்கரைக்கு அழைத்திருக்கிறார்கள், நான் மாடும் பன்றியும் சாப்பிட மாட்டேன், என்ன கொண்டுபோகலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்ற யோசனைதான் கைகொடுத்தது. எனக்கென்று பாங்குஸ் மீனின் வயிற்றில் தக்காளி, வெங்காயம் அடைத்துத் தனியாகச் சுட்டு வைத்திருந்தார்கள். எலுமிச்சையைவிடச் சின்னதான காலமான்சிப் பழத்தைப் பிழிந்து, சோயா சாஸில் தொட்டுச் சாப்பிட வேண்டும். அவ்வளவு ருசி!

மாங்காய் யோசனை சொன்னவருக்குத் தனி நன்றி. உப்பு, மிளகாய்த்தூள் தூவி நான் கொண்டுபோன மாங்காய்க் கீற்றுகள் பத்து நிமிடத்தில் காலி. அவர்கள் அதைப் பாகூங்கில் தொட்டுத் தின்றார்கள். சைவர்கள் கவனிக்க: பாகூங் என்பது புளிக்கவைத்த இறால் அல்லது மீன் விழுது.

எதிர்பாராதது வாழையிலை. நீளமாக விரித்து நடுவில் சோறு குவித்து, எல்லோரும் சுற்றி நின்று கையாலேயே சாப்பிட்டோம். இதற்குக் கமாயன் என்று பெயர். பக்கத்தில் நடந்துபோன முன்பின் தெரியாதவர்களையும் "காயின் தாயோ", அதாவது சாப்பிடலாம் வாங்க என்று கூப்பிட்டார்கள்.

அப்புறம், பெரிய டப்பா கொண்டுபோங்கள். மிச்சத்தைக் கட்டிக்கொடுக்காமல் யாரையும் அனுப்பவில்லை.