எட்டு வாரத் தியான வகுப்பு: இடுப்புவலிக்கு வைத்தியமா, கைகழுவலா?

தையல்கடை_ஈரோடு
வணக்கமுங்க. வீட்டோட தையல் கடை வச்சிருக்கேன், வயசு 41. வருசக்கணக்கா இடுப்புவலி. எம்ஆர்ஐ-ல எல்4-எல்5 டிஸ்க் (கீழ் முதுகெலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு) பிதுங்கியிருக்குன்னு வந்துச்சு, ஆபரேஷன் தேவையில்லன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி ப்ரீகாபலின்னு நரம்புவலி மாத்திரை போடறேன். காலைல எந்திரிச்சா கிறுகிறுன்னு இருக்குது. இப்ப வலி மருத்துவர் ஒருத்தரு எட்டு வாரத் தியான வகுப்புக்குப் போகச் சொல்றாரு. வாரம் ஒரு நாள் ரெண்டரை மணி நேரம், அதுபோக வீட்டுல தினம் முக்கால் மணி நேரம் செய்யணுமாம். இதைக் கேட்டதுல இருந்து மாமியார் "நான் அப்பவே சொன்னேன்ல, எல்லாம் மனசுலதான்"னு ஆரம்பிச்சுட்டாங்க. தீபாவளி பிளவுஸ் ஆர்டர் தலைக்கு மேல கெடக்குது. நெசமா பலன் இருக்குங்களா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

சந்தேகப்பிராணி
அக்கா, உங்க மாமியார் சொன்னதைத்தான் டாக்டரும் சொல்லியிருக்காரு, கொஞ்சம் நாகரிகமா.

காலேஜ் முடிச்ச கையோட எனக்கு முதுகுவலி ஆரம்பிச்சுது. ஐடி வேலை, டென்ஷன், யோகா பண்ணு, மூச்சைக் கவனின்னு பார்த்த டாக்டர் எல்லாரும் சொன்னாங்க. பண்ணினேன். விடிகாலை மூணு நாலு மணிக்கு வலி எழுப்பி விட்டுடும். எழுந்து நடமாடினா தேவலை, படுத்தா கூடும். பல் தேய்க்கக் குனிய முடியாம வாஷ்பேசின் விளிம்பை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். பல வருஷம் கழிச்சு ஒரு மூட்டுவாத நிபுணர் கேட்ட முதல் கேள்வி: "ஓய்வெடுத்தா வலி குறையுதா, கூடுதா?" ஆன்கைலோசிங் ஸ்பான்டிலைட்டிஸ். உடம்போட எதிர்ப்பு சக்தியே முதுகெலும்பு மூட்டைத் தாக்குற நோய். ஊசி மருந்து ஆரம்பிச்ச பிறகுதான் நிமிர்ந்தேன். அதுக்குள்ள கழுத்து பாதி திரும்பாத நிலைக்கு வந்தாச்சு. எனக்கு அந்தத் தியானம் கொடுத்தது நிம்மதி இல்லை, தாமதம்.

கரூர்_வாத்தியார்
தம்பிக்கு நடந்தது அநியாயம். ஆனால் நோயைக் கண்டுபிடிக்காமல் விட்டவர்களை விட்டுவிட்டுத் தியானத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

அம்மா, டாக்டர் சொன்ன அந்த எட்டு வார வகுப்பு சாமியார் சமாச்சாரம் இல்லை. 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. வழக்கமான வைத்தியத்துக்கு மசியாத நாள்பட்ட வலிக்காரர்களை வைத்து 1982-லேயே கட்டுரை எழுதினார். 2016-ல் ஜாமா என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 342 பேர். ஒரு பிரிவுக்கு இந்த வகுப்பு, ஒரு பிரிவுக்கு எண்ணங்களைச் சீர்படுத்தும் உளவியல் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்கு வழக்கமாக என்ன செய்வார்களோ அது. 26 வாரம் கழித்துப் பார்த்தால், அன்றாட வேலை செய்யும் திறன் சொல்லிக்கொள்ளும்படி முன்னேறியவர்கள் வகுப்புக்குப் போனவர்களில் 60.5 சதவீதம். உளவியல் சிகிச்சையில் 57.7. வழக்கமான வைத்தியத்தோடு விட்டவர்களில் 44.1.

எனக்கும் இடுப்புதான். கரும்பலகை முன்னால் நின்றே ஓய்வு பெற்றவன். படுத்தபடி இடது கால் விரலில் தொடங்கி உடம்பு முழுக்க ஒவ்வொரு இடமாகக் கவனிக்கச் சொல்வார்கள். அப்போதுதான் தெரிந்தது, வலி வருவதற்கு முன்பே தாடையை இறுக்கி, வலது தோளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று. வலி இன்றும் இருக்கிறது. "போச்சு, நாளைக்கு எழுந்திருக்கவே முடியாது" என்ற பதைபதைப்பு போய்விட்டது. அதற்கப்புறம் பேரனோடு பஸ் ஸ்டாண்டு வரை நடக்கிறேன்.

சந்தேகப்பிராணி
கணக்கு வாத்தியார்தானே சார்? 60.5-ல இருந்து 44.1-ஐக் கழிங்க. நூறு பேர் போனா அந்த வகுப்பால கூடுதலா தேறுறது பதினாறு பேர். 44 பேர் வகுப்புக்குப் போகாமலே தேறியிருக்காங்க. இன்னொண்ணை விட்டுட்டீங்க: அதே ஆய்வுல எட்டு வகுப்புல ஆறுக்காவது வந்தவங்க 53.7 சதவீதம்தான். அமெரிக்காவுல ஆய்வுக்குன்னே சேர்ந்தவங்களாலயே முடியலை. ஈரோட்டுல தீபாவளி ஆர்டரோட இவங்களால முடியுமா?

கரூர்_வாத்தியார்
கழித்தல் சரி. ஆனால் இந்த வலிக்கு மாத்திரை வாங்கித் தருவதும் அப்படி ஒன்றும் மலையைப் புரட்டும் பலன் இல்லையே? அமெரிக்க மருத்துவர் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியில் நாள்பட்ட இடுப்புவலிக்கு முதலில் உடற்பயிற்சி, யோகா, தாய்ச்சி என்ற சீன மெதுவசைவுப் பயிற்சி, இந்தத் தியானப் பயிற்சி போன்றவற்றைச் செய்யுங்கள், மருந்து அப்புறம் என்றுதான் இருக்கிறது. பதினாறு பேரில் ஒருவராக இந்த அம்மா இருந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்?

ஃபிசியோ_தென்காசி
ரெண்டு பேரும் சண்டையை நிறுத்துங்க, அந்த அக்கா கேட்டதுக்குப் பதில் சொல்லுதேன்.

அக்கா, முதல்ல அந்த ஸ்கேன் காகிதத்தைக் கண்டு பயப்படாதீங்க. வலியே இல்லாத ஆளுகளோட ஸ்கேன்களை எல்லாம் தொகுத்து 2015-ல ஒரு கட்டுரை வந்துச்சு. 40 வயசுல வலியில்லாதவங்கள்ல பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் கெடக்கு. 80 வயசுல 84 சதவீதம். பிதுக்கம் இருக்குங்கறதுக்காக வலிக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

வலி நரம்பு வழியா அப்படியே மூளைக்குப் போய்ச் சேருததும் இல்ல. தண்டுவடத்துலயே ஒரு வாசல் மாதிரி இருந்து கூட்டவும் குறைக்கவும் செய்யும்னு மெல்சாக்கும் வாலும் 1965-லயே எழுதிட்டாங்க. நாள்பட்ட வலியில அந்த அமைப்பு, திருடன் போன பொறவும் குரைச்சுக்கிட்டே இருக்க நாய் கணக்கா ஆயிருது. பயம், தூக்கமின்மை, கவலை எல்லாம் அதைக் கூட்டும். அதுக்காக வலி பொய்யின்னு ஆயிருமா? குரைக்கது நெசமாத்தானே குரைக்கு.

ஆனா தம்பி சொன்னதையும் நான் தள்ள மாட்டேன். அக்கா, இதுக்கெல்லாம் பதில் சொல்லுங்க: காலையில விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கு? சாயங்காலக் காய்ச்சல், எடை குறையுதது உண்டா? நம்ம ஊர்ல முதுகெலும்பு டிபி இன்னும் இருக்கு, மறந்துராதீங்க. கால் மரத்துப் போவுதா? ஒண்ணுக்கு, ரெண்டுக்குக் கட்டுப்பாடு போறது, உக்காருத இடம் மரத்துப் போறது, பாதம் தூக்க வராம செருப்பு நழுவுதது, இதுல எது வந்தாலும் வகுப்பும் வேண்டாம் வாத்தியாரும் வேண்டாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி.

நலமா_வாழ்க_786
[விளம்பரம் என்பதால் இந்தப் பதிவு நீக்கப்பட்டது. மூன்றாவது முறை. எண்ணெய் விற்க வேறு இடம் பாருங்கள். – நிர்வாகி]

கிளிநொச்சிப்_பெடியன்
நான் இப்ப லண்டன். 2009இல முதுகில செல் (எறிகணை) துண்டு பட்டது. ரெண்டு துண்டு இன்னும் உள்ளுக்கை கிடக்கு, எடுக்க வெளிக்கிட்டால் நரம்பு போயிடும் எண்டு விட்டுட்டினம். இரும்பு கிடக்கிறபடியால் எம்ஆர்ஐயும் எடுக்கேலாது. ஆரும் எனக்கு "மூளை பழகின வலி" எண்டு சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆனால் இஞ்ச ஆஸ்பத்திரியில நடத்திற வலி மேலாண்மை வகுப்புக்குப் போனனான். ஒரு உளவியலாளர், ஒரு பிசியோ, வட்டமாப் போட்ட கதிரையள். முதல் நாள் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னா. கண்ணை மூடினால் முள்ளிவாய்க்கால்தான் வருது. எழும்பி வெளியில போட்டன். பிறகு அவ தனிய வந்து, கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு ரெண்டு உள்ளங்காலும் நிலத்தில முட்டுறதை மட்டும் பாருங்கோ எண்டா. அது ஏலுமாயிருந்தது. இதை ஏன் சொல்றன் எண்டால், தியானம் எல்லாருக்கும் பக்கவிளைவு இல்லாத சாமான் எண்டு வாத்தியார் ஐயா நினைக்கிற மாதிரி இருக்கு. அப்பிடி இல்லை.

எனக்கு உண்மையில உதவினது அளவு வைச்சு வேலை செய்யிறது. சுகமான நாளிலயும் குறிச்ச அளவுக்கு மேல செய்யிறேல்லை. சுகமில்லாத நாளிலயும் முழுக்கப் படுக்கிறேல்லை. கேக்க ஒண்டுமில்லாத விசயம் போல இருக்கும், பழக எனக்குக் கனகாலம் எடுத்தது.

கரூர்_வாத்தியார்
தம்பி சொன்ன விஷயம் முக்கியமானது. பழைய காயம் மனதில் உள்ளவர்கள் முதலிலேயே ஆசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஆனால் "மூளை பழகின வலி" என்பதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. கொலராடோவில் நடந்து ஜாமா சைக்கியாட்ரி இதழில் வந்த ஆய்வு இருக்கிறது. முதுகுவலியில் ஆபத்து ஒன்றுமில்லை என்று மூளைக்கு மறுபடி சொல்லிக்கொடுக்கும் சிகிச்சை, நான்கு வாரம். ஐம்பது பேரில் 33 பேருக்கு வலி முழுவதும் அல்லது அநேகமாகப் போய்விட்டது. மருந்தில்லா ஊசி போட்டுக்கொண்டவர்களில் அது ஐந்தில் ஒருவருக்கு. இதை எப்படிக் கழிப்பீர்கள் சந்தேகப்பிராணி?

சந்தேகப்பிராணி
கழிக்க மாட்டேன், யாரைச் சேர்த்தாங்கன்னு பார்ப்பேன். அந்த ஆய்வுல ஆரம்பத்துல இருந்த வலியோட சராசரி பத்துக்கு 4 சொச்சம். மிதமான வலிக்காரங்க. செல் துண்டு உள்ளே இருக்குறவரையோ என்னையோ அவங்க சேர்த்திருக்க மாட்டாங்க. அந்த முடிவை எடுத்துட்டு வந்து எல்லார் முதுகுலயும் ஒட்டுறதுதான் எனக்குப் பிரச்சினை.

பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டி வகுக்குற நைஸ் அமைப்பு 2021-ல ஒண்ணு போட்டுது. வேற நோயால விளக்க முடியாத நாள்பட்ட வலிக்குப் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், ஓபியாய்டு (அபின் வகை வலிமருந்து) எதையும் புதுசா ஆரம்பிக்காதீங்க, உடற்பயிற்சி, உளவியல் சிகிச்சை கொடுங்கன்னு. அங்க அந்த உளவியலாளர் சம்பளத்தோட ஆஸ்பத்திரிக்குள்ள உக்காந்திருக்காரு. இங்க மருந்தைக் குறைச்சுட்டு "தியானம் பண்ணுங்க"ன்னு சீட்டுல ஒரு வரி எழுதினா, பண்ண முடியாதவங்க மேலயே பழி விழும். "நீ சரியாப் பண்ணலை, அதான் வலிக்குது." இதை நான் காதால கேட்டிருக்கேன்.

தையல்கடை_ஈரோடு
எல்லாத்தையும் படிச்சேனுங்க. ஃபிசியோ தம்பி கேட்டதுக்கு: விறைப்பு காலைல டீ கொதிக்கிற நேரந்தான், அப்புறம் போயிரும். காய்ச்சல் இல்ல, எடை கூடித்தான் இருக்குது (மாத்திரையா, மாவுப் பண்டமான்னு தெரியல). வலது கால் சுண்டு விரல் பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி எப்பவாச்சும். மெசின்ல உக்காந்தா கூடுது, நடந்தா குறையுது.

ஆனா நீங்க யாரும் பேசாத ஒண்ணு இருக்குது. தினம் முக்கால் மணி நேரம்! எங்க வீட்டுல நான் அஞ்சு நிமிசம் படுத்தா "என்ன, ஒடம்பு சரியில்லயா, கொழம்பு யாரு வைக்கறது"ன்னு கேள்வி வரும். மெசின் சத்தம் நின்னா மாமியார் எட்டிப் பார்ப்பாங்க. கண்ணை மூடி உக்காந்துட்டா அவ்வளவுதான், ஊருக்கே சொல்லிருவாங்க. ஆம்பளைங்க ரிட்டையர் ஆனதுக்கப்புறம் செய்யறது வேற, வாத்தியாரய்யா கோவிச்சுக்காதீங்க.

கரூர்_வாத்தியார்
கோபமில்லை அம்மா. என் வீட்டில் காபி கைக்கு வருகிறது, அது உண்மைதான். முக்கால் மணி நேரத்தை ஒரே மூச்சில் செய்ய வேண்டியதில்லை. பாபின் மாற்றும்போதெல்லாம் கையை எடுத்துவிட்டு, தோள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், ஏறியிருந்தால் இறக்குங்கள், இரண்டு மூச்சு விடுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்கிறீர்களா என்று பாருங்கள். யாருக்கும் தெரியாது. ஆனால் எட்டு வாரத்தை இதைக் கொண்டு ஈடுகட்டிவிடலாம் என்றும் சொல்ல மாட்டேன்.

சந்தேகப்பிராணி
விறைப்பு சீக்கிரம் விடுதுன்னா என்னோட நோய் மாதிரி தெரியலை, நல்லது. நடந்தா குறையுதுன்னு சொன்னதுக்காக ஒரு தடவை டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கங்க. விரல்ல ஊர்றதையும் சொல்லுங்க. வகுப்புக்குப் போறதுன்னா போங்க, அக்கா. ரெண்டு நிபந்தனை: அங்க யாராவது மாத்திரையை நிறுத்தச் சொன்னா எழுந்து வந்துடுங்க, ப்ரீகாபலினைத் திடீர்னு விட்டா அதுவே ஒரு தொந்தரவு. டாக்டர்கிட்ட கேட்டுப் படிப்படியாத்தான் குறைக்கணும். அடுத்த முறை போறப்ப அந்த டாக்டர் உங்க இடுப்பைத் தொட்டுப் பார்க்கலைன்னா ஆளை மாத்துங்க. வாத்தியார்கிட்ட நான் இன்னும் ஒத்துக்கலை.

தையல்கடை_ஈரோடு
வகுப்பு எடுக்கறவங்களுக்குப் போன் போட்டுக் கேட்டேனுங்க. தரையில சம்மணம் போட வேண்டியதில்லையாம், நாற்காலி போடுவாங்களாம், படுத்தும் செய்யலாமாம். பாதியில நின்னுட்டா மிச்சப் பணம் திருப்பித் தருவீங்களான்னு கேட்டதுக்குத்தான் சிரிச்சு மழுப்பிட்டாங்க. ஒரு வாரத்துக்கு மட்டும் கட்டிப் பார்க்கறேன்னு சொல்லியிருக்கேன். மாமியார்கிட்ட "ஃபிசியோதெரபி"ன்னு சொல்லிட்டேன், அதுக்கு ஒண்ணும் சொல்லல.

ஃபிசியோ தம்பி, மெசின் ஸ்டூல் பத்தி எதும் சொல்லாமலே போய்ட்டீங்களே?

ஃபிசியோ_தென்காசி
வந்துட்டேன் அக்கா, கிளினிக்ல கூட்டம். பிளாஸ்டிக் ஸ்டூலாத்தான் இருக்கும்னு நெனைக்கேன், அதை மாத்துங்க, சாய்மானம் உள்ள நாற்காலி வேணும். இடுப்பு முட்டியை விடக் கொஞ்சம் ஒசரமா இருக்கட்டும். மோட்டார் பெடல் வலது ஓரமா கெடந்தா ஒடம்பு முழுக்க இடது பக்கமாச் சாஞ்சுதான் உக்காருவீங்க, பெடலை நேரா முன்னால இழுத்து வைங்க. இடது காலுக்கும் ஒரு பலகை போடுங்க. ஒரு பிளவுஸ் முடிஞ்சா எந்திரிச்சு வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்க, அடுத்ததை வெட்டப் போறதுக்கு முன்னாடி. மெசின் இருக்க மாதிரியே ஒரு போட்டோ போடுங்க, பார்த்துச் சொல்லுதேன்.