சீரியலும் குற்றம் பற்றிய எண்ணமும்: கேள்வித்தாளில் எங்கே பிசகு?

தெப்பக்குளம்:
வணக்கம். முதுகலை இதழியல் ஆய்வேட்டுக்காக, மாலைநேரத் தமிழ் சீரியல்கள் குற்றத்தைப் பற்றிய எண்ணத்தை எப்படி மாற்றுகின்றன என்று பார்க்கிறேன். மதுரை நகர், திருமங்கலம், உசிலம்பட்டி மூன்றிலும் சேர்த்து 200 பேர் என்று திட்டம். டிவி அதிகம் பார்ப்பவர்கள் உலகை ஆபத்தானதாக நினைக்கிறார்களா என்று ஆராய்ந்த ஜார்ஜ் கெர்ப்னரின் கேள்விகளைத் தமிழாக்கி 15 பேரிடம் கேட்டேன். நிறையப் பார்ப்பவரும் அபூர்வமாகப் பார்ப்பவரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். எங்கே தவறு?

வைகைக்கரை:
கேள்வியில்தான். கெர்ப்னர் ஆராய்ந்தது அமெரிக்கத் தொலைக்காட்சியை. அங்கே ஆபத்து பெரும்பாலும் வெளியே, தெருவில். நம் சீரியலில் பாலில் விஷம் கலப்பவள் ஓரகத்தி, சொத்துப் பத்திரத்தில் ஏமாற்றிக் கையெழுத்து வாங்குபவர் பெரியப்பா. ‘ராத்திரி தெருவில் தனியாக நடக்கப் பயமா?’ என்று கேட்டால் அதில் சீரியலின் சுவடே விழாது. அதுவும் நள்ளிரவிலும் இட்லிக்கடை ஆவி பறக்கும் ஊரில்! ‘வீட்டுச் சாவியை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஒரு வாரம் வெளியூர் போவீர்களா?’ என்று கேளுங்கள்.

அதற்கு முன்னால் சீரியல்களையே கணக்கெடுக்க வேண்டும். ஐந்து சீரியல், நான்கு வாரம், வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 120 எபிசோடு. ஒவ்வொரு குற்றத்துக்கும் குறிக்க வேண்டியவை: செய்தவர் என்ன உறவு, போலீசுக்குப் போனதா, எத்தனை எபிசோடு கழித்துத் தண்டனை. இரண்டு பேர் தனித்தனியே குறித்து, கோஹன் கப்பா (இருவர் குறித்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு, முழுக்க ஒத்தால் 1) 0.7க்குக் கீழே வந்தால் வரையறையைத் திருத்துங்கள். ‘மிரட்டல்’தான் எப்போதும் தகராறு: ஒருவர் காட்சிக்கு ஒன்றாக எண்ணுவார், மற்றவர் எபிசோடுக்கு ஒன்றாக.

புள்ளிக்கோலம்:
வரிசையையும் பாருங்கள் தம்பி. டிவி பற்றிய கேள்விகள் கடைசியில் வரட்டும். முதலிலேயே கேட்டால், ‘இது சீரியலில் பார்த்தது’ என்று உஷாராகித் தன் பதிலைத் திருத்திக்கொள்வார்கள். டிவியின் தாக்கத்தை ஆராய்ந்த எல். ஜே. ஷ்ரமின் சோதனைகள் காட்டியது இதைத்தான். ‘தினம் எத்தனை மணி நேரம்?’ என்று கேட்காதீர்கள், குறைத்துச் சொல்வார்கள். ‘நேற்று விளக்கு வைத்த பிறகு படுக்கும்வரை என்னென்ன ஓடியது, எதை உட்கார்ந்து பார்த்தீர்கள்?’ என்று கேட்டு எண்ணுங்கள். செல்போனில் பார்ப்பதையும் சேர்க்க வேண்டும்.

200 பேர் போதாது. இந்த வகை ஆய்வுகளை மார்கனும் ஷனஹானும் 1997இல் தொகுத்தபோது டிவி பார்ப்பதற்கும் எண்ணத்துக்கும் இடையிலான சராசரித் தொடர்பு சுமார் 0.09தான் (முழுத் தொடர்பு என்றால் 1). 0.1 அளவுத் தொடர்பை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்கவே ஏறக்குறைய 780 பேர் வேண்டும். வயது, படிப்பு, ஊர், வீட்டில் யாராவது செயின் பறிகொடுத்தார்களா என்பதையும் கேட்டு வையுங்கள். இப்படிப்பட்ட காரணிகளைச் சேர்த்ததும்தான் 1980இல் கெர்ப்னரின் முடிவுகள் பலவும் கரைந்து போயின.

மேலமாசி வக்கீல்:
எண்ணத்தோடு சட்ட அறிவையும் கேளுங்கள். சரி, தவறு என்று திருத்த முடிகிற பதில் என்பதால் மழுப்ப இடமில்லை. நான்கு கூற்று தருகிறேன், நான்கும் தவறு:
‘புகார் கொடுத்தவர் வாபஸ் வாங்கினால் கொலை முயற்சி வழக்கு முடிந்துவிடும்.’ அது சமரசம் செய்ய முடியாத குற்றம்.
‘இன்ஸ்பெக்டரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதுவே சாட்சி.’ பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 23ஆம் பிரிவுப்படி செல்லாது.
‘போனில் ரகசியமாகப் பதிந்ததை அப்படியே கோர்ட்டில் போட்டால் போதும்.’ அதே சட்டத்தின் 63(4) பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.
‘சி.எஸ்.ஆர். ரசீதும் எஃப்.ஐ.ஆரும் ஒன்று.’ மனு வந்ததற்கான ரசீது மட்டுமே அது. பிந்தையது வந்தால்தான் வழக்கு.

இந்த நான்காவதில் ஏமாறி வாரக்கணக்கில் காத்திருப்பவர்களை எண்ணினால் வயிறு எரிகிறது. நாலைந்து சரியான கூற்றுகளையும் கலந்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் ‘தவறு’ என்பார்கள்.

தெப்பக்குளம்:
மூவருக்கும் மிக்க நன்றி. 780 பேர் என்னால் முடியாது. 100 பேர் தினம் மூன்று சீரியலுக்கு மேல் பார்ப்பவர்கள், 100 பேர் பார்க்கவே பார்க்காதவர்கள் என்று எடுக்கலாமா?

புள்ளிக்கோலம்:
எடுக்கலாம், வித்தியாசம் தெரிய வாய்ப்பு கூடும். ஆனால் இரு குழுவின் சராசரி வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். நடுவில் இருப்பவர்களை விட்டுவிட்டதால் தொடர்பு எண் ஊதிப்போயிருக்கும், அதை ஊருக்கே பொருத்தக் கூடாது. ஆள் பிரிக்கும் கேள்வியிலும் கண்ணி உண்டு: சீரியலைப் பற்றி மட்டும் கேட்டால் அப்போதே உஷாராகிவிடுவார்கள். பேப்பர், ரேடியோ, செல்போன், சினிமா என்ற பட்டியலுக்குள் சீரியலை ஒன்றாக நுழைத்து, பத்து நாள் முன்பே வேறொருவரை அனுப்பிக் கேட்க வையுங்கள்.