கரும்புச் சக்கை + நார்க்கழிவு கலந்த பையில் தக்காளி மஞ்சளாகிறது, எங்கே தப்பு?

மாடித்தொட்டி:
மண்ணில்லா முறையில் தக்காளி போட்டிருக்கிறேன். பண்ணையில் கரும்புச் சக்கையும் தென்னை நார்க்கழிவும் சும்மா குவிந்து கிடக்க, மண்ணுக்குப் பதில் நிரப்பும் ஊடகத்தைக் காசு கொடுத்து வாங்க மனசு வரவில்லை, இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து பையில் நிரப்பினேன். சக்கை பிழிந்து ஒரு மாதம்தான் ஆகிறது, நார்க்கழிவை ஒரே ஒரு முறை அலசினேன். மூன்றாவது வாரம் அடி இலைகள் வெளிறி மஞ்சளாகிவிட்டன, பையும் நாலு விரல்கடை இறங்கிவிட்டது. ஊற்றும் சத்துக் கரைசலின் ஈசி (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன்) 2.0, பிஎச் 5.8. வடிநீரில் ஈசி 3.4. உப்பு கூடிவிட்டதென்று கரைசலை நீர்க்க விட்டேன், மஞ்சள் இன்னும் மேலே ஏறுகிறது. கழிவை வைத்துச் செய்வதே வெட்டி வேலையா?

வேர்முடிச்சு:
வெட்டி வேலை இல்லை, அவசரப்பட்டுவிட்டீர்கள். பச்சைச் சக்கையில் கரிமம் ஏராளம், தழைச்சத்து சொற்பம். மிச்சமிருக்கும் சர்க்கரைக்கு நுண்ணுயிர்கள் பந்தி போட்டு உட்கார்ந்துவிடும், செடிக்கென்று நீங்கள் ஊற்றும் நைட்ரேட்டையும் (கரைசலில் உள்ள தழைச்சத்து) அவைதான் முதலில் எடுத்துக்கொள்ளும். தவிக்கும் செடி பழைய இலையில் இருக்கும் தழைச்சத்தை உருவித் தளிருக்கு அனுப்பும், அதனால்தான் மஞ்சள் கீழேயிருந்து தொடங்குகிறது. அந்த நேரத்தில் கரைசலை நீர்க்க விட்டது பசித்தவன் தட்டைப் பிடுங்கிய கதை. பை இறங்கியதும் இதனால்தான், சக்கை பைக்குள்ளேயே மக்கிக்கொண்டிருக்கிறது.

மக்க வேண்டியது வெளியே மக்கட்டும். கோழி எருவோடு குவித்து, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு விழும் அளவு ஈரம் வையுங்கள். நடுவில் கைவிட முடியாத சூடு, 55 டிகிரிக்கு மேல் ஏறும். புரட்டிப் போட்டும் சூடு திரும்ப ஏறாமல் அடங்கினால்தான் அது பைக்குத் தயார். தேதி பார்த்து எடுக்காதீர்கள்.

நார்க்கயிறு:
தழைச்சத்துக் கதை சரி, ஆனால் அந்த 3.4-ஐ யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஒரு அலசலில் போவது மேலோட்டமான உப்புதான். நார்க்கழிவு சோடியத்தையும் பொட்டாசியத்தையும் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும், வெறும் தண்ணீருக்கு அவை அசையாது. கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஒரு நாள் ஊறவிட்டால் கால்சியம் உள்ளே போய் அந்த இரண்டையும் வெளியே தள்ளும், பிறகு நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இதைச் செய்யாவிட்டால் நீங்கள் ஊற்றும் கால்சியத்தை ஊடகமே பிடித்துக்கொள்ளும். இன்று மஞ்சள் இலை, காய் பிடிக்கும்போது அடிப்பக்கம் கறுத்து அழுகும்.

இப்போதைக்கு, ஊற்றுவதில் கால் பங்காவது வடியும்படி ஊற்றி உப்பைத் தள்ளுங்கள். கரைசலைப் பழைய அளவுக்கே கொண்டுவந்து நைட்ரேட்டை மட்டும் கொஞ்சம் கூட்டுங்கள்.

உமிக்குருவி:
இரண்டு பேரும் சத்தையே பேசுகிறீர்கள், வேருக்குக் காற்று வேண்டாமா? ஒரு லிட்டர் தொட்டியின் ஓட்டையை அடைத்துக் கலவையை நிரப்பி, மேல்மட்டம் வரை தண்ணீர் விட்டு ஊறவிடுங்கள், அப்புறம் ஓட்டையைத் திறந்து வடிவதைப் பிடித்து அளங்கள். 200 மில்லி வந்தால் காற்றிடம் 20 சதவீதம், அது நன்று. 100-க்குக் கீழே என்றால் வேர் மூச்சு முட்டும். அப்படியானால் நெல் உமி கலக்கலாம், சிலிக்கா இருப்பதால் சீக்கிரம் மக்காது. உமிக்கரி என்றால் பிஎச் ஏறும், கவனம்.

மாடித்தொட்டி:
அளந்தேன், 70 மில்லி! சரி, இந்தச் செடிகளை நைட்ரேட் கொடுத்து ஒப்பேற்றுகிறேன். சக்கையைக் குவியலுக்கு அனுப்பியாயிற்று. பக்கத்து வயல்காரர் வைக்கோல் தருகிறேன் என்கிறார், அதையும் சேர்த்து மக்க வைக்கலாமா?

வேர்முடிச்சு:
முதலில் அந்த வயலில் என்ன களைக்கொல்லி அடித்தார் என்று கேளுங்கள். குளோபைரலிட், அமினோபைரலிட் வகை என்றால் மக்கிய பிறகும் சீக்கிரம் போகாது, அந்த வைக்கோலைத் தின்ற மாட்டின் சாணத்திலும் இருக்கும். தக்காளி அதற்குத் துளியும் தாங்காது. பேர் தெரியாவிட்டால் மக்கிய கலவையில் நாலு பீன்ஸ் விதை போட்டுப் பாருங்கள், புது இலை கிண்ணம் மாதிரி சுருண்டால் பைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

மாடித்தொட்டி:
கேட்டேன். டப்பாவில் லேபிள் கிழிந்துவிட்டதாம். பீன்ஸ் விதை எடுத்து வைத்துவிட்டேன்.