ஆர்எஸ்வி கவர்னர்: ஐட்லிங் ஏறி இறங்குது, எந்த ஸ்க்ரூவைத் திருப்பணும்?

வயல்காடு:
மூணு சிலிண்டர் டிராக்டர், இன்லைன் டீசல் பம்ப், அதுல எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்துற ஆர்எஸ்வி கவர்னர். புக்ல ஐட்லிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காதப்ப ஓடுற வேகம்) 700 ஆர்பிஎம். இப்ப 600-லதான் ஓடுது, ஹைட்ராலிக் தூக்கினா ஆஃப் ஆயிடுது. பம்ப்ல ஆக்சிலேட்டர் லிவர்கிட்ட இருக்கிற ஸ்டாப் ஸ்க்ரூவை உள்ளே விட்டா 700 வருது, ஆனா 650-க்கும் 750-க்கும் நடுவுல ஏறி இறங்கிட்டே இருக்கு. பம்பைக் கழட்டாம சரி பண்ண வழி உண்டா அண்ணே?

பம்ப்பட்டறை:
உண்டு தம்பி. முதல்ல டீசல் லைனைப் பாருங்க. டேங்க்ல இருந்து பீடர் பம்ப் (டீசலை இழுத்துக் கொடுக்கிற சின்ன பம்ப்) வரைக்கும் உறிஞ்சுற பக்கம். எஞ்சின் ஓடும்போது அங்க டீசல் கசியாது, காத்துதான் உள்ளே போகும். அதனால காய்ஞ்சிருக்கேன்னு வாஷரை நம்பாதீங்க. ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, நுரை நிக்கிற வரைக்கும் கைப்பம்ப் அடிங்க.

அடுத்தது, எஞ்சின் நல்லா சூடாகட்டும். ஆறியிருக்கும்போது வெச்சா, சூடானதும் ஏறிடும். ஆக்சிலேட்டர் ராடைக் கழட்டி விடுங்க, லிவர் ஸ்டாப் ஸ்க்ரூ மேலயே வந்து உட்காரணும்.

இந்த கவர்னர்ல ஐட்லிங்குக்கு ரெண்டு ஸ்க்ரூ. பின் மூடியில தொப்பி நட்டுக்குள்ள பம்பர் ஸ்ப்ரிங் ஸ்க்ரூ இருக்கும். ஐட்லிங்ல மெயின் ஸ்ப்ரிங் தொய்வா இருக்கறதால ராக் (டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற கம்பி) தேவைக்கு மேல பின்னால, அதாவது டீசல் குறையுற பக்கம் ஓடிடும், அதைத் தாங்கிப் பிடிக்கறது இந்தச் சின்ன ஸ்ப்ரிங்தான். முதல்ல அதை வேலை செய்யாத அளவு வெளியே எடுங்க. ஸ்டாப் ஸ்க்ரூவால 670–680 வெச்சு லாக் நட்டை இறுக்குங்க. அப்புறம் பம்பர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே விட்டு 700-க்குக் கொண்டு வாங்க. எஞ்சின் புல்லியில (பெல்ட் ஓடுற சக்கரம்) டேப் ஒட்டி டேகோமீட்டர்ல (ஆர்பிஎம் காட்டுற கருவி) பாருங்க, காதை நம்பி வேண்டாம்.

டீசல்மணி:
மேலே சொன்னது சரி. ஆனா பம்பர் ஸ்க்ரூவை அளவுக்கு மேல உள்ளே விட்டா ஆபத்து. லோடு இல்லாம ஃபுல் ஆக்சிலேட்டர்ல ராக் போதுமான அளவு பின்னால வராது, எஞ்சின் ஓவர் ஸ்பீடு எடுத்துடும். செட் பண்ணினதும் ஆக்சிலேட்டரை மெதுவா ஏத்தி, லோடு இல்லாத அதிகபட்ச ஆர்பிஎம்மைப் புக்கோட ஒத்துப் பாருங்க. ஒரு ஆள் எஞ்சினை நிறுத்துற ஸ்டாப் ராடைப் பிடிச்சுட்டே நிக்கட்டும். அப்புறம் ஆக்சிலேட்டரைச் சட்டுனு விடுங்க. எஞ்சின் ஆஃபும் ஆகக்கூடாது, ஆர்பிஎம் மேலேயே தொங்கவும் கூடாது. சீல் வெச்ச ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீங்க.

வயல்காடு:
காத்து எடுத்தாச்சு, ரெண்டு ஸ்க்ரூவும் வெச்சாச்சு. ஆட்டம் பாதி குறைஞ்சிருக்கு, முழுசா போகலை.

பம்ப்பட்டறை:
அப்ப ஸ்க்ரூவை விட்டுடுங்க. ஐட்லிங்ல, நாசிலுக்கு (சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கிறது) போற பைப் நட்டை ஒவ்வொண்ணா அரைச் சுத்து தளர்த்துங்க. துணியால மூடிக்கோங்க, கை பக்கத்துல போகக்கூடாது, அந்தப் பிரஷர் தோலைத் துளைச்சிடும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறலையோ அந்த சிலிண்டர் வேலை செய்யலை, அந்த நாசிலை டெஸ்ட் பண்ணுங்க. மூணுமே சரின்னா எஞ்சினை நிறுத்திட்டு பம்ப் முன்பக்கத்து ராக் மூடியைக் கழட்டி விரலால தள்ளிப் பாருங்க. வழுக்கிட்டுப் போய், விட்டதும் ஸ்ப்ரிங் வேகத்துல திரும்பணும். பிடிச்சுப் பிடிச்சு வந்தா டீசல்ல தண்ணி இறங்கி உள்ளே துரு ஏறியிருக்கும். அதுக்கு பம்பைக் கழட்டி டெஸ்ட் பெஞ்ச்ல (பம்பை ஓட்டிச் சோதிக்கிற மெஷின்) போட்டாத்தான் சரியாகும்.