2,008 யார்ட் ஓடின டெரல் டேவிஸ் மறு வருசமே ஏன் படுத்தார்?

கல்லடி_அலை:
அமெரிக்கன் ஃபுட்போல்ல டென்வர் புரோன்கோஸ் அணி டேவிஸ் 1998ல 2,008 யார்ட் ஓடி எம்விபி, அதாவது சீசன்ட சிறந்த ஆட்டக்காரர் விருது, எடுத்தவர். மறு வருசம் நாலாவது மெட்ச்சிலயே முழங்கால் போச்சு, அப்ப வயசு 26தான். பந்தைக் கையில பிடிச்சு ஓடுற ரன்னிங் பேக்மார் ஏன் இவ்வளவு கெதியா முடியிறாங்க? மறுகா, அவர் ஒரே கிறுகல்ல ஆளைக் கழட்டுறதைக் கபடிக்குப் பழகலாமா?

வாவிக்கரை:
வயசை விடுங்க தம்பி, பந்தோட ஓடின தடவைய எண்ணுங்க. 1998ல லீக்ல 392, லீக் முடிஞ்சு நடக்கிற பிளேஓஃப்ல 78. 19 மெட்ச்ல 470 தரம். அதுக்கு முதல் வருசம் 369ம் 112ம், 481. அநேகமா ஒவ்வொரு ஓட்டமும் யாரோ வந்து மோதித்தான் முடியும். ஆனா முழங்கால் போன நேரம் அவர்ட கையில பந்தே இல்ல. எதிரணி பாஸைப் பறிச்சிட்டுது, பறிச்சவனைப் பிடிக்க ஓடினவர். முழங்கால் தசைநார்களான ஏசிஎல், எம்சிஎல் ரெண்டும் கிழிஞ்சுது. பிறகு 2000ல 5, 2001ல 8 மெட்ச், அவ்வளவுதான். 1995ல அணிகள் புது ஆட்டக்காரரைத் தெரிவு செய்யக்குள்ள 196ஆவதா எடுபட்டவர், மொத்தம் 7,607 யார்ட்டோட 2017ல ஹோல் ஒஃப் ஃபேம் எண்ட கௌரவப் பட்டியலுக்குப் போனார்.

நிந்தவூர்_ரெய்டர்:
கிறுகலுக்கு வாறன். கோச் அலெக்ஸ் கிப்ஸ் பழக்கின டென்வர் லைன், அதாவது முன்னுக்கு நிண்டு தடுக்கிற வரிசை, முழுக்க ஒரு பக்கமா நகரும், எதிராளியும் அதோட இழுபடுவான். இடைவெளி தெரிஞ்சதும் டேவிஸ் ஒருக்காக் கிறுகி நேரே போவார், பின்னுக்கு நிண்டு ஆடுறதில்ல. கபடியில கோட்டுக்குத் திரும்பி வரோணும், அது வேற கிறுகல். போனஸ் கோட்டுப் பக்கம் சரிஞ்சு போறதுக்கு மட்டும் இது உதவும்.

பழகுறதெண்டா, 5 மீற்றருக்கு ஒண்டா மூணு தேங்காய்ப் பொச்சு வைங்க. பொச்சுக்கு முந்தி ரெண்டு குட்டி எட்டு வைச்சு வேகத்தைக் குறைக்கோணும். பிறகு வெளிக்கால் இடுப்புக்கு வெளிய, பாதத்தின் முன்பக்கத்தில ஊண்டி 45 பாகை கிறுகுங்க. பக்கத்துக்கு 6 தரம், கிழமைக்கு ரெண்டு நாள், முதல்ல அரை வேகம். குதி முதல்ல விழுந்து, கால் விறைச்சு, முழங்கால் உள்ள சரிஞ்சா ஏசிஎல்லுக்குக் கூடாது. ஆள் முட்டாமலே கிழியிறது பெரும்பாலும் இப்படித்தான்.

மருதமுனை_பச்சை:
வாவிக்கரை காக்கா, எண்ணிக்கை மட்டும் காரணமெண்டா இன்னொரு ரன்னிங் பேக் எமிட் ஸ்மித் எப்படி 15 சீசன் ஓடினார்? 4,409 தரம், 18,355 யார்ட். ஏசிஎல் போனா முடிஞ்சுதெண்டும் இல்ல. ஏட்ரியன் பீட்டர்சனுக்கு 2011 டிசம்பர்ல கிழிஞ்சுது, 2012ல 2,097 ஓடினார். ஒரு சீசன் சாதனையான டிக்கர்சன்ட 2,105க்கு 8 யார்ட்தான் குறைவு.

வாவிக்கரை:
ஸ்மித் விதிவிலக்கு எண்டு சொல்லித் தப்பலாம், ஆனா நீங்க சொல்றதும் சரிதான். ரெண்டு வருசத்துக்குள்ள 951 தரம் அடுக்கினதுதான் என்ர கணக்கு.

கல்லடி_அலை:
கடற்கரை மணல்ல பழகலாமா?

நிந்தவூர்_ரெய்டர்:
காய்ஞ்ச மணல்ல கால் புதையும், ஊண்டுற பிடி வராது. அங்க நேர் ஓட்டம் மட்டும் ஓடுங்க. கிறுகலுக்குப் புல்லுத்தரை, இல்லாட்டி அலை வத்தின இறுகின மணல். சரிவா இருந்தா அதுவும் வேணாம்.