மிரர் தெரபி: ஆடியா, கண்ணாடியா?

ஐயா, வணக்கம்.

கண்ணாடியில் தெரியும் கையைப் பார்த்துச் செய்யும் 'மிரர் தெரபி'க்குத் தமிழ்ப் பெயராக நம் கலைச்சொல் குழுவில் நீங்கள் முன்வைத்த 'ஆடிச் சிகிச்சை'யை இரண்டு நாள்களாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், நாவில் படியவில்லை. குழியாடி, குவியாடி என்று படித்தவர்களுக்கு 'ஆடி' புதிதன்று. ஆனால் சொல்லின் பின்பகுதியில் வரும்போதுதான் அது கண்ணாடியாகிறது. முன்னால் வந்து நின்றால் மாதமா, ஆட்டமா என்ற தயக்கம் வந்துவிடுகிறது. குழுவில் இன்னொருவர் சொன்ன 'கண்ணாடி மருத்துவம்' எனக்கு மூக்குக்கண்ணாடியைத்தான் நினைவூட்டுகிறது.

செயலைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். நோயாளியின் நெஞ்சுக்கு நேராக, இரு கைகளுக்கும் நடுவே கண்ணாடியை நிறுத்துகிறார்கள். அடிபட்ட கை அதன் பின்னால் மறைந்திருக்கும். நலமான கையை அசைத்தபடி அவர் கண்ணாடிக்குள் பார்க்கிறார். வலக்கையின் பிம்பம் இடக்கையாகத் தெரியுமல்லவா? அடிபட்ட கையே தடையின்றி விரல் மடக்குவதுபோல் மூளைக்குத் தோன்றுகிறது. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் முதலிலேயே கழற்றச் சொல்வது இதற்காகத்தான். ஒற்றை மோதிரம் போதும், தோற்றம் கலைந்துவிடும்.

1990களில் நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை இழந்தவர்களுக்கு இல்லாத அந்தக் கையிலேயே வருவதுபோல் தோன்றும் வலிக்காக இதைக் கையாண்டார். (தமிழ்நாட்டில் பிறந்தவர் கண்ட முறைக்கு நாம் இன்னும் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம்!) பிறகு பக்கவாதத்துக்கு வந்தது, நரம்பு அறுந்து தைக்கப்பட்ட கைக்கும் வந்தது. தைத்த நரம்பு நாளுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான் வளரும். மணிக்கட்டில் அறுந்தது விரல்நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும். அதுவரை கையிலிருந்து செய்தி வராததால், மூளையில் அந்தக் கைக்குரிய இடத்தை அக்கம்பக்கத்துப் பகுதிகள் பிடித்துக்கொள்ளத் தொடங்குகின்றன. அந்த இடைவெளியில் கை அனுப்ப முடியாத செய்தியைக் கண் அனுப்புகிறது.

மருந்தில்லை, கருவியும் உடலைத் தொடுவதில்லை. உழைப்பவர் நோயாளி. அதனால் 'சிகிச்சை'யை விட்டுப் 'பயிற்சி' என்பேன். வேலை செய்வதும் கண்ணாடியன்று, அதில் தெரியும் உருவம். 'எதிருருப் பயிற்சி' எப்படி?

*

அன்புள்ள ஐயா,

கைக்காயம் பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவள் நான். 'பயிற்சி'யை ஏற்கிறேன், 'எதிருரு' வேண்டாம். தசைநாண் தைத்தவரிடம் "பிம்பத்தை மட்டும் பாருங்கள், மருத்துவர் சொல்லும்வரை மறைந்திருக்கும் கையை அசைக்காதீர்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. தலைசுற்றினால், வலி கூடினால் நிறுத்துங்கள் என்றும் சொல்கிறோம். அவர் வீட்டில் தனியாகச் செய்யப்போகிறவர். நாங்கள் கொடுக்கும் பயிற்சித் தாளின் தலைப்பில் 'எதிருரு' என்றிருந்தால் அங்கேயே நின்றுவிடுவார். 'கண்ணாடிப் பயிற்சி' என்றிருந்தால் கண்ணாடியை எடுத்து மேசையில் வைத்துவிடுவார்.

எனக்கு அதைவிட அவசரமாக வேறு இரண்டு சொற்கள் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கைக்கு ஒன்று, முன்னால் இருக்கும் கைக்கு ஒன்று. 'பின்கை, முன்கை' என்று வைக்கலாமென்றால், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடைப்பட்டதை ஏற்கெனவே முன்கை என்கிறோம். 'மறைகை, காண்கை' சரிவருமா?

*

அம்மா,

'கண்ணாடிப் பயிற்சி'க்கு ஒப்புகிறேன். 'பயிற்சி' பின்னால் வந்ததும் மூக்குக்கண்ணாடி தானாக விலகிவிடுகிறது. எதிருருவைப் பிம்பத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், அதையாவது விட்டுவையுங்கள்.

மறைகை, காண்கை இரண்டும் அழகுதான், ஆனால் இலக்கணம் குறுக்கே நிற்கிறது. வருகை, செய்கை போல மறைதலும் காணுதலும் என்றுதான் படிக்கத் தோன்றும். "மறைகையை அசைக்காதீர்கள்" என்று எழுதினால் எந்தக் கை என்று நோயாளி தேடுவார். 'மறைந்த கை, தெரியும் கை' என்று இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லையே.