போலி வாடிக்கையாளர் சேவை எண்ணில் ஏமாந்த அம்மா: போனை என்ன செய்வது?

வணக்கம். பணம் திரும்பி வர வேண்டியிருந்ததால் அம்மா இணையத்தில் தேடி எடுத்த வாடிக்கையாளர் சேவை எண் போலியாம். பேசியவன், "லைன்லயே இருங்கம்மா, கட் பண்ணாதீங்க" என்று பதமாகப் பேசியே திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவ வைத்துவிட்டான். அப்புறம் வந்த ஓடிபி எல்லாமே அவன் கண்ணுக்கும் தெரிந்திருக்கிறது. கணக்கில் இருந்த பணம் போய்விட்டது.

வங்கியில் சொல்லி கார்டை முடக்கிவிட்டோம், போலீஸிலும் புகார் கொடுத்தாயிற்று. வேறு போனிலிருந்து கடவுச்சொற்களை மாற்றி வருகிறோம்.

இந்தப் போனில் அந்தச் செயலியை நீக்கினால் மட்டும் போதுமா, ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போன் போல ஆக்குவது) செய்தே ஆக வேண்டுமா? அந்தச் செயலி அக்சஸிபிலிட்டி அனுமதியும் (திரையில் இருப்பதைப் படிக்கவும் போனை இயக்கவும் விடும் அனுமதி) கேட்டதாம், அதுதான் பயமாக இருக்கிறது. படங்களை மட்டும் பாதுகாப்பாக எடுக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். போன் அடித்தாலே அம்மா பதறுகிறார்.